பயிற்சிக் காலத்தில் பிள்ளைப்பேறு: மௌனம் யாரைக் காக்கிறது?

முழுகாமல் இருக்கும் செய்தியை மூன்று மாதம் கழியும் வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நாவூறு படும் என்பார் சிலர். தொடக்க மாதங்களில் கரு கலைந்துவிட்டால், சொன்ன அத்தனை பேருக்கும் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்பார் வேறு சிலர். அயலவருக்கும் உறவினருக்கும் சொல்லாமல் இருப்பதில் தவறேதும் இல்லை. அது அந்தக் குடும்பத்தின் சொந்த விடயம்.

ஆனால் எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் இளம் பெண்கள் சிலரிடம் நாம் காண்பது வேறு விதமான மௌனம். அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள், நண்பிகளுக்கும் சொல்லிவிட்டார்கள். வேலைத்தலத்தில் மட்டும் சொல்லவில்லை. மூன்று மாதம் நான்காகி, நான்கு ஐந்தாகியும் தளர்ந்த உடுப்புக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இவர்களில் அநேகர் பயிலுநர்கள். மருந்தாளர் பயிற்சி பெறுபவர், கணக்காளர் பரீட்சைகளை எழுதிக்கொண்டு நிறுவனம் ஒன்றில் பழகுபவர், சட்டத்தரணிப் பயிலுநர், பயிற்சியில் உள்ள வைத்தியர், பாலர் காப்பகத்திலோ சிகை அலங்கார நிலையத்திலோ அப்ரன்டிஸாக இருக்கும் பத்தொன்பது இருபது வயதுப் பெண் என்று பலதரப்பட்டவர்கள். "டொக்டர், சொல்லாமல் எவ்வளவு காலம் இருக்கலாம்?" என்பதே இவர்கள் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டப்படி ஒரு விடை உண்டு. ஆனால் வைத்தியர் என்ற முறையில் எமது கருத்து இதுதான்: இந்த மௌனம் தாயையும் காப்பதில்லை, பிள்ளையையும் காப்பதில்லை, பயிற்சி இடத்தையும் காப்பதில்லை. பிரித்தானியச் சட்டம் கர்ப்பிணிக்குத் தரும் பாதுகாப்பில் மிக முக்கியமான பகுதி, அவர் எழுத்தில் அறிவித்த பின்னரே முழுமையாக வேலைசெய்யத் தொடங்குகிறது.

பயிலுநர் ஏன் அதிகம் அஞ்சுகிறார்?

நிரந்தர வேலையில் உள்ளவருக்கு ஒரு முதலாளியின் தயவு போதும். பயிலுநருக்கோ பல பேரின் கையெழுத்து வேண்டும். மேற்பார்வையாளர் திருப்தி என்று எழுத வேண்டும், குறித்த மணித்தியாலங்கள் நிறைவேற வேண்டும், பரீட்சைக்கு அனுப்பப்பட வேண்டும், இறுதியில் பதிவு கிடைக்க வேண்டும். ஒப்பந்தமோ ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு மட்டுமே. அது முடியும்போது "இடம் இல்லை" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு விசாவும் அதே நிறுவனத்தில் தங்கியிருக்கிறது.

எமது குடும்பங்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதலாக விளங்கும். அகதிகளாக வந்து, கையில் இருந்த மருத்துவப் பட்டத்துக்கு இங்கே மறுபடி பரீட்சை எழுதி, ஒரு பயிற்சி இடத்துக்காக எத்தனையோ விண்ணப்பங்கள் அனுப்பியவர்கள் நாம். கிடைத்த இடத்தை இழந்துவிடக்கூடாது என்ற பதற்றம் அந்தத் தலைமுறையிடமிருந்து பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. ஆகவேதான் "கொன்ட்ராக்ற் முடியும் வரை வாயைத் திறக்காதே பிள்ளை" என்று தாய்மாரே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பாகுபாடு எப்போதும் "நீ கர்ப்பிணி, ஆகவே போ" என்று முகத்துக்கு நேரே வருவதில்லை. பெரும்பாலும் அது அக்கறையின் உடையில் வரும். "உங்கள் நன்மைக்காகத்தான், இந்த முறை பரீட்சைக்குப் போக வேண்டாம்." "இந்தப் பிரிவு உங்களுக்குக் களைப்பாக இருக்கும், வேறொருவரைப் போடுகிறோம்." "இப்போது விலகிக்கொள்ளுங்கள், பிள்ளை பிறந்தபின் மறுபடி விண்ணப்பியுங்கள்." கேட்கும்போது இனிமையாக இருக்கும். விளைவோ ஒரு வருடம் பின்தங்குவது அல்லது இடத்தையே இழப்பது.

மௌனத்துக்கு உடல் கொடுக்கும் விலை

கருவின் உறுப்புகள் உருவாவது முதல் பன்னிரண்டு வாரங்களில். வேலைத்தலத்தில் உள்ள சில ஆபத்துகள் மிகவும் பொருட்படுத்தப்பட வேண்டிய காலமும் அதுவே. நாம் ஒளித்து வைக்கும் காலமும் அதுவே. இதில்தான் எமது முதலாவது கவலை இருக்கிறது.

பாலர் காப்பகத்தில் வேலை பழகும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் சைற்றோமெகலோ வைரசு இருக்கக்கூடும். தாயைத் தொற்றினால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் சில சிசுக்களின் செவிப்புலனை அது பாதிக்கும். கொப்புளிப்பான் இன்னொரு உதாரணம். வெப்ப வலய நாடுகளில் வளர்ந்தவர்களில் சிறுவயதில் கொப்புளிப்பான் வராதவர்கள் இங்கு வளர்ந்தவர்களை விட அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கர்ப்ப காலத்தில் அது வந்தால் நுரையீரலைத் தாக்கி உயிராபத்தாகவும் முடியலாம். அவர் கர்ப்பிணி என்பது காப்பகப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்தால், பிள்ளை ஒன்றுக்கு வருத்தம் கண்ட அன்றே இவருக்குச் சொல்லியிருப்பார். இவரும் உடனே எம்மை அழைத்திருப்பார்.

கதிரியக்கப் படப்பிடிப்புப் பயிலுநர் தமது கர்ப்பத்தை எழுத்தில் அறிவித்த பின், மிகுதிக் கர்ப்ப காலத்தில் சிசுவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவேட்டைத் தாண்டாதவாறு அவருடைய வேலையை ஒழுங்குபடுத்துவது முதலாளியின் கடமை. அறிவிக்காவிட்டால் அந்த ஒழுங்கு நடைபெறாது.

இரவு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 22,744 பெண்களின் வேலைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பின்னர் கரு கலையும் வாய்ப்பு 32 வீதம் அதிகமாக இருந்ததைக் கண்டது. இரவு வேலைதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வு அறுதியாக நிறுவிவிடவில்லை. இரவு வேலை செய்த பெரும்பாலானோர் நலமாகவே பிள்ளை பெற்றனர். எவரும் வீணாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு இரவு போகும் பயிற்சி வைத்தியரோ தாதியோ தமது முதலாளியுடன் பேசிப்பார்க்க இது போதிய காரணம்.

இன்னும் எளிய விடயங்களும் உண்டு. சத்தியும் தலைச்சுற்றும் இருக்கையில் எட்டு மணித்தியாலம் நிற்பது. கழிப்பறைக்கு அடிக்கடி போனால் கவனிப்பார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று வந்தால் அது சிறுநீரகம் வரை ஏறக்கூடும், குறைமாதப் பேற்றுக்கும் வழிவகுக்கக்கூடும்.

எல்லாவற்றையும் விட எமக்கு வருத்தம் தருவது தவறவிடப்படும் பரிசோதனைகள். முதற்பிள்ளைக்காரிக்கு இங்கே வழமையாக ஏறக்குறைய பத்துச் சந்திப்புகள் உண்டு. முதற் சந்திப்பு பத்தாவது வாரத்துக்குள் நடக்க வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாடுகளுக்கான சோதனையும் அதற்குள் முடிய வேண்டும். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோசு குடித்துச் செய்யும் சோதனை எம் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் போய் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். அரைநாள் போய்விடும். கர்ப்பத்தை மறைத்தவர் அந்த அரைநாளை என்ன பொய் சொல்லி எடுப்பார்? "பல்லுக்குப் போகிறேன்" என்று எத்தனை முறை சொல்ல முடியும்? கடைசியில் சோதனையே விடுபட்டுப் போகிறது.

சட்டம் எழுத்தில் தொடங்குகிறது

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளுக்கு 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். அதன் 18 ஆம் பிரிவு, கர்ப்பத்தின் காரணமாகவோ அதனால் வந்த சுகவீனத்தின் காரணமாகவோ ஒரு பெண்ணைப் பாதகமாக நடத்துவதைத் தடைசெய்கிறது. கர்ப்பம் தொடங்கிய நாளிலிருந்து மகப்பேற்று விடுமுறை முடியும் வரை இந்தப் பாதுகாப்பு நீடிக்கும். அப்ரன்டிஸும் பயிற்சி ஒப்பந்தத்தில் உள்ளவரும் ஊழியரே. பல்கலைக்கழக மாணவியாக வைத்தியசாலையில் பயிற்சி பெறும் தாதி மாணவிக்கு மகப்பேற்றுச் சம்பளம் இல்லை என்றாலும், கல்வி பற்றிய பகுதியில் அவருக்கும் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு உண்டு. பிரித்தானியக் குடியுரிமை இருந்தால்தான் என்றில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. முதலாளிக்கு நீங்கள் கர்ப்பிணி என்பது தெரியாதிருந்தால், அந்தக் காரணத்துக்காகவே பாதகமாக நடத்தினார் என்று சொல்ல முடியாது. அதேபோல, உங்களுக்கென்று வேலையை மாற்றியமைக்கும் கடமையும், 1999 ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, நீங்கள் எழுத்தில் அறிவித்த பின்னரே முதலாளிமேல் விழுகிறது. அதன்பின் ஆபத்தான வேலையை மாற்ற வேண்டும்; அது இயலாவிட்டால் வேறு பொருத்தமான வேலை தர வேண்டும்; அதுவும் இயலாவிட்டால் சம்பளத்துடன் வீட்டில் இருக்கவிட வேண்டும். இரவு வேலை உங்கள் உடல்நலத்துக்குக் கூடாது என்று வைத்தியரோ மருத்துவமாதோ சான்றிதழ் தந்தால் அதற்கும் இதே ஒழுங்குதான்.

கர்ப்பம் காரணமாகப் பணிநீக்கம் செய்வது தானாகவே நியாயமற்றது. இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை, முதல் நாளிலிருந்தே உண்டு. கர்ப்பிணி ஒருவரை நிறுத்தினால், அவர் கேட்காமலே காரணத்தை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். 2024 ஏப்ரல் 6 முதல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. ஆட்குறைப்பு வரும்போது, வேறு பொருத்தமான வெற்றிடம் இருந்தால், கர்ப்பத்தை அறிவித்த நாள் தொடங்கி, பிள்ளை பிறந்து பதினெட்டு மாதம் வரை உங்களுக்கே முன்னுரிமை. இதுவும் அறிவித்த நாளிலிருந்துதான்.

நேர்முகப் பரீட்சையில் நிலைமை வேறு. அங்கே கர்ப்பத்தைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சொல்லவில்லை என்பதற்காகப் பின்னர் நிறுத்தவும் முடியாது.

இந்த உரிமைகள் எளிதில் வந்தவை அல்ல. 1980 இல் இந்நாட்டின் தொழில் மேன்முறையீட்டு நியாயசபை, கர்ப்பிணி ஒருவருடன் ஒப்பிட ஆண் ஒருவர் இல்லையே, ஆகவே இது பால் பாகுபாடு ஆகாது என்று தீர்த்தது. பின்னர், இன்னொருவரின் மகப்பேற்று விடுமுறைக்குப் பதிலாளாகவும் எடுக்கப்பட்ட பெண்ணொருவர் தாமே கர்ப்பிணி என அறிந்தபோது நிறுத்தப்பட்டார். முதலாளிக்கு இதைவிடச் சங்கடமான நிலை இருக்க முடியாது. ஆயினும் 1994 இல் ஐரோப்பிய நீதிமன்றம், கர்ப்பம் நோயும் அல்ல, நோயுற்ற ஆணுடன் ஒப்பிடத்தக்கதும் அல்ல என்று அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

பயிலுநர் பற்றிய தீர்ப்பொன்று 2014 இல் வந்தது. இத்தாலியச் சிறைக்காவல் சேவையில் அதிகாரிப் பதவிக்குத் தெரிவான ஒரு பெண், பயிற்சி நெறி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் பிள்ளை பெற்றார். கட்டாய மகப்பேற்று விடுமுறையில் முப்பது நாளுக்கு மேல் நெறிக்கு வராததால் அவர் அதிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த நெறியில் சேரலாம் என்றார்கள், ஆனால் அது எப்போது என்று திட்டமில்லை. பயிற்சி என்பது வேலையின் ஒரு பகுதி. அதிலிருந்து விலக்கி, திகதி தெரியாத அடுத்த நெறிக்குத் தள்ளுவது முறையற்ற பாதகம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. "அடுத்த வருடம் வாருங்கள்" என்று இனிமையாகச் சொல்பவர்களுக்கு இது நல்ல பதில்.

"வெள்ளைக்காரன் தரும் சலுகை, அதிகம் கேட்கக்கூடாது" என்று நினைக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். நாம் பிறந்த இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது 1939 இல். பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்குச் சம்பளத்துடன் ஓய்வு என்பது எமக்குப் புதிய கதையல்ல.

சொன்னால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 2005 இல் சமவாய்ப்பு ஆணைக்குழு, வருடந்தோறும் 30,000 பெண்கள் கர்ப்பம் காரணமாக வேலையிழக்கிறார்கள் என்று கணக்கிட்டது. 2016 இல் சமத்துவ மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அரசாங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு 3,254 தாய்மாரை விசாரித்தது. அவர்களில் 11 வீதமானோர் நிறுத்தப்பட்டதாக, அல்லது மற்றவர்கள் இருக்கத் தாம் மட்டும் ஆட்குறைப்புக்கு உள்ளானதாக, அல்லது தாங்க முடியாமல் விலகியதாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் பார்த்தால் அது வருடத்துக்கு 54,000 பேர் வரை. பத்து வீதமானோர் கர்ப்பகாலச் சந்திப்புகளுக்குப் போக வேண்டாம் என்று தடுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டு கணக்கும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. எனினும் சட்டம் இருந்தும் நிலைமை சரியாகிவிடவில்லை என்பது தெளிவு.

அப்படியானால் மறைப்பதுதானே புத்தி என்று கேட்கலாம். இல்லை. மறைப்பதால் இந்த ஆபத்து நீங்குவதில்லை, பின்போடப்படுகிறது. வயிறு ஒருநாள் தெரியத்தான் போகிறது. அதற்கிடையில் நீங்கள் பிந்திப் போன நாட்களும், களைப்பால் குறைந்த புள்ளிகளும், விளக்கமில்லாத லீவுகளும் "திறமையில்லாதவர்" என்ற பெயரில் கோவையில் ஏறியிருக்கும். முன்பே அறிவித்திருந்தால் கர்ப்பத்தால் வந்த சுகவீன லீவை உங்களுக்கு எதிராக எண்ண முடியாது. அறிவிக்காதவருக்கு வாதாடுவது கடினம்.

கரு கலைந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. வேலைத்தலத்தில் எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை. மேற்பார்வையாளருக்கோ ஆளணிப் பிரிவுக்கோ மட்டும் எழுதி, இரகசியமாக வைத்திருக்கும்படி கேட்கலாம். துரதிர்ஷ்டவசமாக அப்படி நேர்ந்தாலும், கர்ப்பம் முடிந்து இரண்டு வாரம் வரை 18 ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. 24 வாரத்துக்குப் பின் பிள்ளை இறந்து பிறந்தால் முழு மகப்பேற்று விடுமுறையும் உண்டு. ஒன்றும் தெரியாத மேற்பார்வையாளர் முன், மறுநாளே வேலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டிய கொடுமையை விட இது மேலானது.

பயிலுநர் செய்ய வேண்டியவை

முதலாவது, கர்ப்பம் உறுதியானதும் உங்கள் வேலையின் தன்மையை எம்மிடமோ மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள். இரவு வேலை, பாரம் தூக்குதல், இரசாயனம், கதிர்வீச்சு, நோயாளர், சிறு பிள்ளைகள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பன்னிரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டாம்.

இரண்டாவது, வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: கர்ப்பமாக இருக்கிறேன், எதிர்பார்க்கும் திகதி இது, எனக்கான இடர் மதிப்பீட்டைச் செய்து தாருங்கள், இதனை இரகசியமாக வைத்திருங்கள். ஒரு பிரதியை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வையுங்கள். மற் பீ1 என்ற பத்திரத்தை நாம் இருபதாவது வாரமளவில்தான் தர முடியும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதலாளி அதற்குமுன் அத்தாட்சி கேட்டால் வைத்தியரோ மருத்துவமாதோ கடிதம் தரலாம்.

மூன்றாவது, சந்திப்புகளுக்குச் சம்பளத்துடன் நேரம் எடுப்பது ஊழியரான உங்கள் உரிமை. முதற் சந்திப்புக்குப் பின் முதலாளி சந்திப்பு அட்டையைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

நான்காவது, பணக் கணக்கை முன்கூட்டிப் பாருங்கள். 52 வாரம் விடுமுறை உண்டு. எதிர்பார்க்கும் வாரத்துக்குப் பதினைந்து வாரம் முன்னர், அதே முதலாளியிடம் 26 வாரம் வேலை செய்திருந்து, குறித்த அளவு சம்பளமும் பெற்றிருந்தால், 39 வாரம் சட்டப்படியான சம்பளம் கிடைக்கும். முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தின் 90 வீதம், மிகுதி 33 வாரம் அரசாங்கம் நிர்ணயித்த தொகை அல்லது 90 வீதம், இரண்டில் எது குறைவோ அது. அதற்குத் தகுதி பெறாத பயிலுநர்கள், பிரசவத்துக்கு முந்திய 66 வாரங்களில் 26 வாரமாவது வேலை செய்து, அதில் 13 வாரமாவது வாரத்துக்கு 30 பவுண் அல்லது கூடுதலாக உழைத்திருந்தால் மகப்பேற்றுப் படி கேட்கலாம். என்.எச்.எஸ் இல் உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு, அதில் வேறு வேறு என்.எச்.எஸ் முதலாளிகளிடம் தொடர்ந்து செய்த சேவை சேர்த்து எண்ணப்படும். விசாவில் "பொது நிதி கூடாது" என்று எழுதியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மகப்பேற்றுச் சம்பளமும் மகப்பேற்றுப் படியும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஐந்தாவது, விடுமுறையில் இருக்கும்போது, இரு தரப்பும் உடன்பட்டால், பத்து நாள் வரை விடுமுறையை இழக்காமல் வேலைத்தலத்துக்குப் போய்வரலாம். முக்கியமான வகுப்புக்கோ பயிற்சி நாளுக்கோ இதனைப் பயன்படுத்தலாம். பயிற்சி முடியும் திகதி பின்னுக்குத் தள்ளப்படலாம். அதுவரை செய்தது அழிந்து போகாது.

ஆறாவது, ஏதும் பிழையாக நடந்தால் திகதியுடன் குறித்து வையுங்கள். ஏக்காஸ், சிற்றிசன்ஸ் அட்வைஸ், மற்றேனிற்றி அக்‌ஷன் ஆகிய இடங்களில் இலவச ஆலோசனை உண்டு. தொழில் நியாயசபைக்குப் போவதற்கு நீண்ட காலமாக இருந்துவந்த எல்லை மூன்று மாதத்துக்கு ஒருநாள் குறைவு. அதனை ஆறு மாதமாக்க 2025 ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம் வழி செய்திருக்கிறது. எப்படியானாலும் மூன்று மாதம் என்றே எண்ணி நடப்பது பாதுகாப்பு. "பிள்ளை பிறந்தபின் பார்ப்போம்" என்று விட்டவர்கள் பலருக்குக் கதவு மூடிவிடுகிறது.

எமது வீடுகளும் எமது கடைகளும்

கலியாணம் முடிந்து ஆறு மாதத்தில் "ஏதும் விசேஷமோ?" என்று கேட்பதும் நாம்தான். விசேஷம் வந்ததும் "வேலை நிரந்தரமாகும் வரை மூச்சுவிடாதே" என்பதும் நாம்தான். இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளமாக இந்தப் பெண்களை ஆக்கக்கூடாது. அவள் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று உண்மையாக விரும்பினால், பேரப்பிள்ளையை வாரத்தில் இரண்டு நாள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்வது பெரும் உதவி. கணவன்மாரும் இரண்டு சந்திப்புகளுக்குக் கூடப் போக, ஒவ்வொன்றுக்கும் ஆறரை மணித்தியாலம் வரை வேலையிலிருந்து நேரம் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குச் சம்பளம் தர வேண்டும் என்றில்லை. ஆனாலும் போய் வாருங்கள்.

இன்னொரு கசப்பான விடயம். மருந்தகங்கள், கணக்காளர் அலுவலகங்கள், பாலர் காப்பகங்கள், கடைகள் என்று எம்மவர் நடத்தும் நிறுவனங்கள் இன்று ஏராளம். அங்கே பயிற்சிக்குச் சேரும் எம் பெண்பிள்ளைகள், "தமிழாக்கள்தானே, சட்டம் பேசினால் மரியாதையில்லை" என்று வாய் மூடியிருப்பார்கள். "எங்கட பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்" என்று முதலாளி அண்ணையும் சொல்வார். பிள்ளை மாதிரி என்றால் அவள் இருக்க ஒரு கதிரையும், சோதனைக்குப் போக அரைநாளும் தானாகவே கிடைத்திருக்க வேண்டும். செலவு தாங்காது என்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கொடுக்கும் சட்டப்படியான மகப்பேற்றுச் சம்பளத்தில் பெரிய நிறுவனங்கள் 92 வீதத்தை அரசாங்கத்திடமிருந்து மீளப் பெறலாம். சிறு முதலாளிகளோ முழுவதையும், அதற்குமேல் ஒரு சிறு தொகையையும் சேர்த்துப் பெறலாம். உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.

ஒரு பயிற்சி இடம் போனால் இன்னொன்று தேடலாம், பிந்தினாலும் முடிக்கலாம். பத்தாவது வாரத்தில் செய்யாமல் விட்ட சோதனையை இருபதாவது வாரத்தில் செய்து பயன் பெரிதாக இல்லை. ஆகவே, எம் மகள்மாரே, மருமகள்மாரே, ஊருக்குச் சொல்லும் நாளை நீங்கள் விரும்பியபடி தள்ளிவையுங்கள். வேலைத்தலத்துக்கு அனுப்ப வேண்டிய அந்த நான்கு வரியை மட்டும் தள்ளிவைக்காதீர்கள். எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தால் எம்மைப் போன்ற உங்கள் குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். சேர்ந்திருந்து எழுதுவோம்.